பூவின் முதுகைப் படம் எடுங்கள்

மார்ச் பிறந்துவிட்டால் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் பக்கத்துத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்வி சுற்றி வரும். யாராவது வார இறுதியில் மலையேறப் போயிருப்பார்கள். கல்லும் கள்ளியுமாகக் கிடந்த சரிவு முழுக்க மஞ்சளாகப் பூத்திருக்கும். ஒரே ஒரு பூவைத் திரை நிறையப் படம் பிடித்துப் போட்டு, "இது என்ன செடி, யாருக்காவது தெரியுமா?" என்று கேட்பார்கள். கீழே வரிசையாகப் பதில் வந்து விழும். காட்டுச் சூரியகாந்தி என்பார் ஒருவர், டெய்சி என்பார் இன்னொருவர். மூன்றாமவர் கைப்பேசிச் செயலியிடம் கேட்டு மூன்று லத்தீன் பெயர்களைக் கொண்டுவந்து ஒட்டுவார். எனக்குச் செடிகொடிகளின் மேல் கொஞ்சம் பைத்தியம் உண்டு என்று தெரிந்தவர்கள் கடைசியில் என்னைக் கூப்பிடுவார்கள். நான் திருப்பிக் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "பூவின் பின்பக்கம் எடுத்த படம் இருக்கா?"

இருக்காது. யாரும் எடுப்பதில்லை.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு கிளம்பலாம். தென் அரிசோனாவில், தாழ்வான பாறைச் சரிவில், பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரைக்குள், இடுப்பு உயரத்தில் உருண்டையாக நிற்கிற புதர். இலை சாம்பல் வெள்ளை. பூக்கள் இலைக்கூட்டத்துக்கு மேலே நீளக் காம்புகளில் தனியாகத் தூக்கி நிற்கின்றன. இத்தனையும் பொருந்தினால் அது பெரும்பாலும் பிரிட்டில்புஷ்தான். தாவரவியல் பெயர் என்சீலியா ஃபாரினோசா. சூரியகாந்திக் குடும்பம். கலிஃபோர்னியாவின் தென்கிழக்கு, நெவாடாவின் தென்முனை, யூட்டாவின் தென்மேற்கு மூலை, அரிசோனா, எல்லை தாண்டி மெக்சிகோவின் சொனோரா, பாஹா கலிஃபோர்னியா என்று பரவிக் கிடக்கிற மண்ணின் செடி. சுமார் 1000 மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறினால் காணாமல் போய்விடும், உறைபனி இதற்கு ஆகாது.

சரி, இது எப்படித் தெரிகிறது என்பதுதான் எனக்குச் சுவையான பகுதி.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை சவுத் மவுன்டன் பூங்காவுக்குக் கூட்டிப் போனபோது, காரை விட்டு இறங்கியதுமே கேட்டார்: "ஏம்ப்பா, இது நம்ம ஆவாரம்பூ தானே?" நியாயமான கேள்வி. வறண்ட பூமி, இடுப்புயரப் புதர், கொத்துக் கொத்தாய் மஞ்சள். தமிழ்நாட்டுக் கரிசல்காட்டில் வளர்ந்தவருக்கு வேறென்ன தோன்றும்? ஆவாரத்தின் நெருங்கிய சொந்தமும் இந்தப் பாலைவனத்தில் உண்டு. சென்னா கோவெசியை என்பது அதன் பெயர், ஆவாரம் இருக்கிற அதே சென்னா பேரினம். ஆனால் அம்மா காட்டியது அதை அல்ல. "ஒரு பூவைப் பறிச்சுப் பிச்சுப் பாரும்மா" என்றேன்.

ஆவாரம்பூவைப் பிரித்தால் ஐந்து இதழ், நடுவே மகரந்தத் தாள்கள், பிறகு நீளமான ஒரு சூலகம். அது ஒரு பூ. பிரிட்டில்புஷ் பூவைப் பிரித்தால் கணக்கு மாறிவிடுகிறது. ஓரத்தில் இதழ் போலத் தெரிகிற ஒவ்வொன்றும் தனிப் பூ. நடுவிலிருக்கும் மஞ்சள் பொட்டில் குட்டிக் குட்டிக் குழாய்களாக நெருங்கி நிற்பவையும் ஒவ்வொன்றும் தனிப் பூ. பத்து மடங்கு பெருக்கும் சிறு லென்ஸ் இருந்தால் ஒவ்வொரு குழாயின் வாயிலும் ஐந்து பல் விரிந்திருப்பதைப் பார்க்கலாம். ஓரத்துப் பூக்களைக் கதிர்ச் சிறுமலர்கள் என்றும், நடுவில் உள்ளவற்றை வட்டுச் சிறுமலர்கள் என்றும் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். பிரிட்டில்புஷ்ஷில் கதிர் மலர்கள் 11 முதல் 21 வரை இருக்கும், அவை மலடு. பூச்சியைக் கூப்பிடுவதற்காக மட்டும் விரித்து வைத்த கொடிகள். விதை பிடிப்பதெல்லாம் நடுவிலிருக்கும் குழாய்கள்தான்.

இந்த ஒரு சோதனையிலேயே பாலைவனத்து மஞ்சளில் பாதிக்கு மேல் கழிந்துவிடும். எங்கு பார்த்தாலும் நிற்கிற கிரியோசோட் புதர் மஞ்சளாய்ப் பூக்கும், ஆனால் அதற்கு ஐந்தே இதழ், ஒவ்வொன்றும் லேசாகத் திருகியிருக்கும். பாலோ வெர்டே மரமும் மஞ்சள், அது அவரைக் குடும்பம். சென்னாவும் அப்படியே. எல்லாரும் வெளியே போனபின் மிச்சமிருப்பது சூரியகாந்திக் குடும்பம். உண்மையான தலைவலி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

உலகத்தில் 25,000-க்கும் அதிகமான இனங்கள் கொண்ட குடும்பம் அது. அதில் மஞ்சளாய்ப் பூப்பவை ஏராளம். அமெரிக்கத் தாவரவியலாளர்கள் களத்தில் இவற்றை 'டி.ஒய்.சி.' என்று திட்டுவார்கள். நம் பாணியில் சொன்னால், "பாழாய்ப்போன மஞ்சள் கூட்டுப்பூ". தொழிலாகச் செய்கிறவர்களே சலித்துக்கொள்கிற இடத்தில், முன்பக்கத்தை மட்டும் காட்டும் ஒரு படத்தை வைத்துக்கொண்டு யார் என்ன சொல்ல முடியும்? மஞ்சள் என்பது பூச்சிகளுக்கான விளம்பரம். எல்லாக் கடையிலும் ஒரே விளம்பரம் என்றால் கடையை அடையாளம் காண அது உதவாது.

அதனால்தான் பூவைத் திருப்பச் சொல்கிறேன். பின்பக்கம், காம்பு வந்து சேர்கிற இடத்தில், பச்சைச் செதில்கள் பூத்தலையைத் தாங்கிப் பிடித்திருக்கும். அவை எத்தனை அடுக்கு, குட்டையா நீளமா, ரோமம் உண்டா, பிசுபிசுப்பு உண்டா என்பதெல்லாம் இனத்துக்கு இனம் மாறும். அப்புறம் காம்பு. பிரிட்டில்புஷ்ஷில் ஒரே காம்பு மேலே போய்க் கிளைத்து, கிளைக்கு ஒரு தலையாகப் பல தலைகளைத் தாங்கும். அதன் சொந்தங்களான என்சீலியா ஆக்டோனி, என்சீலியா விர்ஜினென்சிஸ் ஆகியவற்றில் காம்புக்கு ஒரே தலைதான். பூவை மட்டும் நெருங்கி எடுத்த படத்தில் இந்த வேறுபாடு விழவே விழாது.

பூ முற்றிய பிறகு போனால் இன்னும் வசதி. உதிரத் தயாராக இருக்கும் தலையை உள்ளங்கையில் கசக்கினால் கறுப்பான, தட்டையான விதைகள் வரும். ஓரம் முழுக்க வெள்ளை முடி, உச்சியில் சின்னதாய் ஒரு வெட்டு. தலையில் குஞ்சம் கிடையாது. நம் ஊர் வெட்டுக்காயப் பூண்டை ஊதினால் பஞ்சுக் குஞ்சத்தோடு விதை பறக்குமே, அந்த மாதிரிப் பறக்கும் உறுப்பு எதுவும் இதற்கு இல்லை.

இனி இலைக்கு வருவோம். பிரிட்டில்புஷ்ஷை நான் முதலில் பார்ப்பது இலையைத்தான், பூ இரண்டாவது. மாவு மில்லில் வேலை செய்கிறவரின் கையைப் போல இலை முழுக்க வெள்ளை படிந்திருக்கும். விரலால் தேய்த்தால் தூசி போகாது, ஏனென்றால் அது தூசி இல்லை, நெருக்கமாகப் பின்னிக் கிடக்கிற மிக நுண்ணிய ரோமம். ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜனவரியில், நல்ல மழைக்குப் பிறகு போனால் அதே செடி பச்சையாக, அகன்ற இலையோடு நிற்கும். மே மாதம் போனால் வெள்ளிக்கம்பி நிறத்தில் சின்னச் சின்ன இலைகள். ஜூனில் கிளை நுனியில் நாலைந்து சுருண்ட இலை மட்டும், அல்லது அதுவும் இல்லை. இந்த மூன்று வெவ்வேறு மாதங்களில் எடுத்த மூன்று படங்களை ஒருவரிடம் காட்டினால் மூன்று செடி என்றுதான் சொல்வார்.

ஏன் இப்படி என்பதை 1976-இல் ஜிம் எலரிங்கர், ஓலே பியர்க்மன், ஹெரால்ட் மூனி மூவரும் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். பிரிட்டில்புஷ்ஷின் ரோமம் இலைமேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. கடலோரத்தில் வளரும் அதன் உறவு, ரோமமே இல்லாத என்சீலியா கலிஃபோர்னிகாவோடு ஒப்பிட்டால், ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை உள்வாங்குவது 56 விழுக்காடு வரை குறைந்துபோகிறது. சோறு ஆக்குவதற்கு வேண்டிய ஒளியையே வேண்டாம் என்று தள்ளிவிட்டால் செடி எப்படிப் பிழைக்கும்? அங்கேதான் கணக்கு இருக்கிறது. ஃபீனிக்ஸ் கோடையில் 45 டிகிரி வெயில் சாதாரணம். காற்றே அவ்வளவு சூடாக இருக்கும்போது, பச்சை இலை வெயிலை முழுசாக வாங்கினால் அதைவிடச் சூடாகிவிடும், அல்லது குளிர்ந்துகொள்ள ஏகப்பட்ட தண்ணீரை ஆவியாக விட வேண்டும். தண்ணீர் இல்லை. ஆகவே வருமானத்தைக் குறைத்துக்கொண்டு செலவையும் குறைத்துக்கொள்கிறது. மழைக்குப் பின் முதலில் வரும் இலைகளில் ரோமம் குறைவு, பருவம் காயக் காய அடுத்தடுத்து வரும் இலைகள் மேலும் மேலும் வெளுத்து வருகின்றன. ஒரே கிளையில் கீழே பச்சையும் நுனியில் வெள்ளையும் இருந்தால், அந்தக் கிளை அந்த ஆண்டு மழையின் வரலாற்றை வரிசையாக எழுதி வைத்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரான வழியில் போகிற பங்காளி ஒன்று உண்டு: என்சீலியா ஃப்ரூட்டெசென்ஸ். இதன் இலை பச்சை, சொரசொரப்பு, வெள்ளை ரோமப் போர்வை இல்லை. பூத்தலையில் பெரும்பாலும் கதிர் மலர்களே இருக்காது, வெறும் மஞ்சள் பொத்தான். வெயிலைத் திருப்பியும் அனுப்பாமல் இது எப்படித் தப்பிக்கிறது? தண்ணீரைத் தாராளமாகச் செலவழித்து இலையைக் குளிர வைக்கிறது. அதனால் தண்ணீர் கிடைக்கிற இடத்தில்தான் இருந்தாக வேண்டும். மரணப் பள்ளத்தாக்கு போன்ற கடும் பாலையில் இது மழைநீர் ஓடிக் காய்ந்த மணலோடைகளில் நிற்கும். பிரிட்டில்புஷ் ஓடைக்கு மேலே, கற்சரிவில் நிற்கும். நடுவே சில அடி தூரம்தான். எனவே படம் அனுப்புகிறவர்களிடம் நான் கேட்கிற இரண்டாவது கேள்வி, "எங்கே நின்னுச்சு? மேட்டிலா, ஓடையிலா?" மூன்று லத்தீன் பெயர்களைவிட அந்தப் பதில் எனக்கு அதிகம் உதவும்.

கிளையை ஒடித்துப் பார்ப்பது அடுத்த சோதனை. பூங்காக்களில் செய்யாதீர்கள், உங்கள் வீட்டு வாசலில் நிற்பதில் செய்யுங்கள். முற்றிய தண்டு படக்கென்று முறியும், முறிந்த இடத்தில் தெளிந்த மஞ்சள் பிசின் கசியும். வாசனை நன்றாக இருக்கும். ஸ்பானியப் பாதிரிமார்கள் தங்கள் தேவாலயங்களில் சாம்பிராணிக்குப் பதிலாக இதைப் புகைத்தார்கள், இன்றும் மெக்சிகோவில் இதற்கு இன்சியென்சோ என்று பெயர். அவர்களுக்கு வெகு காலம் முன்பே இந்த மண்ணின் மக்கள் பிசினில் இரண்டு வகை பிரித்து வைத்திருந்தார்கள். அடித்தண்டில் எடுப்பது கெட்டி, சூடாக்கினால் பசை. ஓடாம் மக்கள் அம்பு முனையை ஒட்டவும், கடலோரத்து செரி மக்கள் எறியீட்டியின் முனையைப் பொருத்தவும் அது பயன்பட்டது. மேல்கிளையில் எடுப்பது இளக்கமானது. செரி மக்கள் அதைக்கொண்டு மண்பாண்டத்தின் கசிவை அடைத்தார்கள். ஒரே செடியில் எந்த உயரத்தில் எந்தப் பிசின் என்று தெரிந்து வைத்திருந்தவர்களுக்கு அதை அடையாளம் காட்ட எந்தப் புத்தகமும் தேவைப்பட்டிருக்காது. அறிவியல் உலகத்தின் ஏட்டில் இது ஏறியது 1848-இல். மெக்சிகோவோடு நடந்த போரின்போது வில்லியம் எமரி என்ற ராணுவ அதிகாரி இந்தப் பக்கமாகப் போய் எழுதிய அறிக்கையில், தாவரவியலாளர் ஜான் டோரி தயாரித்த தாவரப் பகுதியில், ஆசா கிரே கொடுத்த பெயரோடு அச்சானது.

அடையாளம் பற்றிப் பேசும்போது மலையேறும் குழுக்களில் அடிக்கடி காதில் விழுகிற ஒரு குறிப்பு உண்டு: "கீழே எதுவும் முளைக்காமல் மொட்டையாக இருந்தால் அது பிரிட்டில்புஷ், அது விஷம் கக்கி மற்றச் செடிகளைக் கொன்றுவிடும்." பாதிக் கதைதான் இது. 1942-இல் ஃப்ரிட்ஸ் வென்ட் என்ற தாவரவியலாளர், பர்ரோபுஷ் என்கிற வேறொரு புதரடியில் மழைக்காலச் சிறுசெடிகள் மண்டிக் கிடப்பதையும், பிரிட்டில்புஷ் அடியில் அவை அரிதாக இருப்பதையும் கவனித்து எழுதினார். 1948-இல் ரீட் கிரே, ஜேம்ஸ் பானர் இருவரும் அதன் இலையிலிருந்து வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ஆய்வகத்தில் தக்காளி நாற்றுகளை அது பாதித்தது. முடிந்தது வழக்கு என்றுதான் தோன்றும். ஆனால் 1950-களில் கார்னீலியஸ் முல்லர் மறுபடி பார்த்தார். சிறுசெடிகள் மண்டிக் கிடந்த அந்தப் பர்ரோபுஷ்ஷின் இலைச்சாறும் ஆய்வகத்தில் நாற்றுகளைப் பாதித்தது! அப்படியானால் சாறு மட்டும் காரணமாக இருக்க முடியாது. பர்ரோபுஷ் தரையோடு படர்ந்து சருகையும் மணலையும் தனக்கடியில் சேர்த்துக்கொள்கிறது, விதைகள் அங்கே தங்கி முளைக்கின்றன. பிரிட்டில்புஷ்ஷின் அடியில் காற்று கூட்டிப் பெருக்கிக்கொண்டு போய்விடுகிறது. வேடிக்கை என்னவென்றால், இதே முல்லர்தான் 1960-களில் கலிஃபோர்னியாவின் சால்வியா புதர்கள் காற்றில் கலக்கும் ரசாயனத்தால் சுற்றியுள்ள புல்லைத் தடுக்கின்றன என்று எழுதிப் புகழ் பெற்றார். எப்படியோ, மொட்டைத் தரையை வைத்து இந்தப் புதரை முடிவு செய்யாதீர்கள்.

அதைவிட நம்பகமான துப்பு இலையைத் தின்கிற புழு. வசந்தத்தில் சில செடிகளில் உலோகம் போல மினுமினுக்கும் நீலப்பச்சைப் புழுக்கள் கும்பலாக மேயும், இலை சல்லடையாகிவிடும். ட்ரிராப்டா ஜெமினாட்டா என்ற வண்டின் குட்டிகள் அவை. சாப்பாட்டு விஷயத்தில் அந்த வண்டுக்கு பிரிட்டில்புஷ்மேல்தான் ஆசை. எனக்குச் சந்தேகம் வந்தால் வண்டின் தாவரவியலை நம்புவேன்.

மற்ற ஒத்த முகங்களை ஓடிக் கடந்துவிடலாம். பாலைச் சாமந்தி எனப்படும் பெய்லியாவுக்கும் இலையில் வெள்ளை ரோமம் உண்டு, ஆனால் அது புதர் இல்லை, தண்டு மரமாவதில்லை, காம்புக்கு ஒரே தலை, கதிர் மலர்கள் அடுக்கடுக்காக நிறைய இருக்கும். பேப்பர்ஃப்ளவர் முழங்கால் உயரத்தைத் தாண்டுவது அரிது. அதன் கதிர் மலர்கள் மூன்று மடலாக அகன்று, காய்ந்தபின் காகிதமாகிச் செடியிலேயே தொங்கும். கோல்டன்ஐ புதருக்கு முக்கோண வடிவில் பச்சை இலை. ட்ரிக்சிஸ் பூவில் எல்லாச் சிறுமலர்களும் இரண்டு உதடாகப் பிளந்திருக்கும், ஒருமுறை லென்ஸில் பார்த்தால் மறக்காது. டர்பென்டைன் புஷ், ராபிட்பிரஷ் இரண்டும் பூப்பது இலையுதிர் காலத்தில். அக்டோபரில் மஞ்சள் புதர் பார்த்தவர்கள் அந்தப் பக்கம் தேடுங்கள்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சில வருடங்களாகக் குழுவில் வருகிற "அழகான மஞ்சள் பூ" படங்களில் கணிசமானவை ஸ்டிங்க்நெட். கதிர் மலர்களே இல்லாத குட்டி மஞ்சள் உருண்டைகள், பொடிப்பொடியாய் வெட்டுண்ட கேரட் இலை, கசக்கினால் மூக்கைத் துளைக்கும் நாற்றம். இதுவும் சூரியகாந்திக் குடும்பம்தான். ஆனால் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தேறியது, ஒரு பருவச் செடி. காய்ந்ததும் எளிதில் தீப்பிடிக்கும், அந்தப் புகை தொண்டையை அறுக்கும். அரிசோனா அரசு இதைத் தீய களைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. நம் ஊரில் பார்த்தீனியம் பரவிய கதையை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டு முற்றத்தில் கண்டால் விதை பிடிக்கும் முன் கையுறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள். படம் எடுத்து "எவ்வளவு அழகு" என்று போட்டால் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பதில் எழுதுவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

இத்தனை பார்த்தும் சில படங்களுக்கு என்னால் ஒற்றைப் பெயர் சொல்ல முடிவதில்லை. என்சீலியா இனங்கள் தங்களுக்குள் தாராளமாகக் கலப்பவை. சரிவும் ஓடையும் சந்திக்கிற விளிம்பில் ஃபாரினோசாவும் ஃப்ரூட்டெசென்ஸும் கலந்த செடிகள் நிற்கும்: அரைகுறை வெள்ளை இலை, கிளைக்கலாமா வேண்டாமா என்று தயங்கும் காம்பு. விர்ஜினென்சிஸ் என்று நாம் தனி இனமாக எழுதுகிறோமே, அதுவே ஆக்டோனியும் ஃப்ரூட்டெசென்ஸும் கலந்து பிறந்து நிலைத்த இனம் என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. கொலராடோ ஆற்றுப் பக்கம் போனால், மற்ற எல்லா விதத்திலும் பிரிட்டில்புஷ்ஷாக இருந்துகொண்டு நடுப்பொட்டு மட்டும் பழுப்பூதாவாக இருக்கும் செடிகளும் உண்டு. அது கலப்பு இல்லை, அதே இனத்தின் இன்னொரு நிறம்தான். அந்தப் படத்தைப் பார்த்தால் செயலி பெரும்பாலும் தோட்டச் செடி எதையாவது சொல்லும்.

ஆகவே இந்த மார்ச்சில் மலையேறப் போகிறவர்கள் நான்கு படம் எடுங்கள். முழுப் புதர், பக்கத்தில் யாராவது நின்றால் உயரம் தெரியும். காம்பு கிளைக்கிற இடம். இலையின் இரண்டு பக்கமும். அப்புறம் பூவின் முதுகு. முன்பக்கமும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், குழுவில் போடுவதற்கு ஆகும்.